எமனில் பதினோரு நிமிடம்

சினேகா மேடம், இந்த வேலைக்கு நான் வந்ததே ஏசிக்காகத்தான். திருவண்ணாமலை வெயிலை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். மலை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் அதை ஊருக்கே திருப்பித் தரும். வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கணினிப் பயிற்சி மையம். அதில் சர்வர் இருக்கும் அறைக்கு மட்டும் ஏசி உண்டு. சர்வருக்காகப் போட்டதுதான். அதன் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் தேவை என்றார்கள். ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வல்லரசு. அப்பா பெரிய எதிர்பார்ப்போடு வைத்தார். என் ஆட்சிப் பரப்பு இன்றுவரை எட்டே எட்டுக் கணினிகள். அந்த எட்டும்கூட நிஜக் கணினிகள் இல்லை. ஒரே சர்வர் பெட்டிக்குள் மென்பொருளால் உண்டாக்கிய மெய்நிகர் கணினிகள். மாணவர்கள் அவற்றைக் கெடுத்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மனிதர்களுக்கு அந்த வசதி கிடையாது என்று வகுப்பில் தத்துவம் பேசுவேன். யாரும் குறிப்பெடுத்ததில்லை.

ஜூன் இருபத்தாறாம் தேதி நடந்த உங்கள் நிறுவனத்தின் செய்முறைத் தேர்வைப் பற்றி விளக்கம் கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர் என்பதால் கொஞ்சம் அடியிலிருந்து சொல்கிறேன். உங்கள் டெக்னிக்கல் ஆட்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இணையத்தில் நாம் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்குப் பெயர் புரியாது, எண்ணில் முகவரி வேண்டும். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். ஒவ்வொரு முறையும் மூலப் பதிவேட்டைத் தேடிப் போனால் நேரமாகும். அதனால் நடுவில் இருக்கும் கணினி, ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச காலம் ஞாபகத்தில் வைத்திருந்து அதையே சொல்லும். அதைத்தான் கேஷ் என்கிறோம். எங்கள் ஊரில் ஆட்டோக்காரரிடம் லாட்ஜ் பெயரைச் சொல்லிப் பாருங்கள். லாட்ஜ் போன மாதமே வேறு தெருவுக்குப் போயிருக்கும். அவர் பழைய இடத்தில் கொண்டுபோய் இறக்கி, "இதான் சார்" என்பார். பொய் சொல்வது அவர் நோக்கமில்லை. அவருக்குத் தெரிந்த பதில் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் எட்டு மெய்நிகர் கணினிகள். எட்டு என்றதும் எனக்குக் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள் ஞாபகம் வந்தன. இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன் என்று கணினிகளுக்குப் பெயர் வைத்தேன். என் ஒன்பது வருடப் பணியில் சொந்தமாக யோசித்துச் செய்தது இது ஒன்றுதான். இந்திரனில் மூலப் பதிவேடு இருக்கும். வாயு ஞாபகம் வைத்துப் பதில் சொல்பவன். ஈசானியனில் மாணவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். வாயுவுக்கும் இந்திரனுக்கும் நடுவில் எமன். எமன் வெறும் வழி. இந்தப் பக்கத்துக் கேள்வியை அந்தப் பக்கம் தள்ளுவான், எதையும் ஞாபகம் வைக்க மாட்டான்.

பெயர் வைத்ததில் ஒரு சிக்கல் வந்தது. எல்லோரும் தங்கள் கோப்புகளைக் குபேரனில் போய்ச் சேமித்தார்கள். குபேரனில் இடமில்லை என்ற புகார் வராத மாதமில்லை. எமன் காலியாகவே கிடப்பான். கிரிவலத்தில் எமலிங்கத்தைக் கும்பிடாமல் யாரும் தாண்டுவதில்லை. ஆனால் பரீட்சை நாளில் எமன் என்ற பெயரைத் தட்டி உள்ளே போக எங்கள் பிள்ளைகளுக்கு மனம் வராது. ஒன்பது வருடத்தில் ஒருவர்கூடப் போனதில்லை. இதை நான் சிரிப்பாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மற்றபடி மனதில் வைத்துக்கொண்டேன்.

இனி மதிவதனி.

அடி அண்ணாமலைப் பெண். வீட்டில் கொஞ்சம் நிலம். அம்மா தனம் கிரிவலப் பாதையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் அள்ளும், மற்ற நாளில் ஈ ஓட்டுவார். மதிவதனி பி.எஸ்சி. முடித்துவிட்டு எங்களிடம் வந்தாள். வந்த மூன்றாவது மாதமே நான் சொல்லிக் கொடுப்பதை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு மாணவி சும்மா உட்கார்ந்திருப்பது வாத்தியாருக்கு எவ்வளவு தொந்தரவு என்று உங்களுக்குத் தெரியாது. அவள் நம்மைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் கேஷ் பற்றி வகுப்பு. கிடைத்த முகவரியைத்தான் கணினி ஞாபகம் வைக்கும், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் அதை ஞாபகம் வைக்காது என்றேன். மதிவதனி எழுந்தாள்.

"சார், இல்லன்ற பதிலையும் அது கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சிக்கும் சார். போட்டுக் காட்டட்டா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். போட்டும் காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. நான் பதினான்கு பேட்ச்களுக்கு அதைத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எங்களிடம் படித்துவிட்டுப் போனவர்கள் எங்கெங்கே என்னென்ன செய்துகொண்டிருக்கிறார்களோ. "நீ கவனிக்கிறியான்னு பாத்தேம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் என்னிடம் வருவது குறைந்தது. "மதியக்கா கிட்ட கேட்டுக்கிறோம் சார்" என்று நல்ல பிள்ளைகளாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு வேலை மிச்சம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான். ஏசி அறையில் இரண்டு வாரம் தனியாக உட்கார்ந்து சந்தோஷப்பட முயன்றேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்துக்கு நானும் இரண்டு முறை நேர்முகத்துக்கு வந்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகமிருக்காது. எனக்கு உங்கள் வரவேற்பறை நாற்காலியின் நிறம்வரை ஞாபகமிருக்கிறது. இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. முழுமைக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் ஓர் இடத்துக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி, எங்கள் மையத்திலிருந்து இரண்டு பேரைக் கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தீர்கள். மதிவதனி ஒன்று, பிரசாத் ஒன்று. பிரசாத் நல்ல பையன், சுறுசுறுப்பானவன். வாசல் திறந்திருந்தாலும் சுவர் ஏறிக் குதிப்பவன். தேர்வு எங்கள் ஆய்வகத்திலேயே, நீங்கள் வீடியோவில் பார்க்க, காலை பத்திலிருந்து ஒரு மணிவரை. ஆய்வகப் பொறுப்பாளர் நான்.

மதிவதனிக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அவள் அம்மாவே சொல்லியிருந்தார். "இது கெடைச்சிதுன்னா மெட்ராசுக்கு அனுப்பிடறேன் சார், என்ன கஷ்டமானாலும். இல்லன்னா அவங்க அப்பா கடையப் பாத்துக்கினு இருன்னு சொல்லிட்டாரு. ஒரு தடவதான்னு சொல்லிட்டாரு சார், ஒரு தடவதான்." ஒரு தடவை என்பதை இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

அன்றைக்குக் காலை எட்டரைக்கு மையத்தைத் திறந்தேன். திருட்டுத்தனமாக இல்லை, சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஆளுக்கு எட்டுக் கணினிகள் என்று இரண்டு நகல்கள் தயாராக இருந்தன. நான் எமனில் நுழைந்து, ஞாபகம் வைக்கும் வேலையை அவனுக்குப் புதிதாகக் கொடுத்தேன். பதிவேடு என்ன காலக்கெடு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, கேட்ட பதிலை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள் என்று எழுதினேன். பிறகு ஒருமுறை நானே கேள்வி கேட்டேன். பழைய முகவரி எமன் வழியாக வந்தது. அதை அவன் பிடித்துக்கொண்டான். மொத்தம் பதினோரு நிமிடம். டீ குடிக்கப் போனேன்.

இரண்டு பேருடைய எமனிலும் ஒரே மாதிரி செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் பாரபட்சம் பார்ப்பவன் இல்லை.

உங்கள் கேள்வித்தாள் எளிமையானது. ஒரு கற்பனை லாட்ஜின் இணையப் பக்கம் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறிவிட்டது. பதிவேட்டைத் திருத்தி, பெயரைத் தட்டினால் புதிய பக்கம் வரும்படி செய்ய வேண்டும். மதிவதனி இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தாள். ஒரு பிழை இல்லை, நான் பின்னால் நின்று பார்த்தேன். பெயரைத் தட்டினாள். பழைய பக்கம் வந்தது. வாயுவின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள். பழைய பக்கம். இந்திரனை நேரடியாகக் கேட்டாள். அங்கே புதிய முகவரி ஒழுங்காக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நடுவுல எமன்ல கேஷ் எதாச்சும் போட்டிருக்குதா சார்?"

ஆய்வக அமைப்பு பற்றிப் பொறுப்பாளரிடம் கேட்கலாம் என்பது உங்கள் விதி. வீடியோவில் ஒலி இல்லாததால் இது உங்கள் பதிவில் இருக்காது. ஆகவே என் வாய்மூலம் தெரிந்துகொள்ளுங்கள். அவள் சரியான இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இல்லம்மா. அது வெறும் வழிதான" என்றேன்.

எமனுக்குள் போய்ப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்தது. பரீட்சை நாளில் யாரும் எமனில் நுழைய மாட்டார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மதிவதனி அப்படிச் சகுனம் பார்க்கிற பெண்ணே இல்லை. விரல் விசைப்பலகையில் இருந்தது, எமன் பெயரில் முதல் எழுத்தைத் தட்டியும்விட்டாள். நான் இல்லை என்றதும் அதை அழித்தாள். அவள் நுழையாததற்கு எமன் காரணமில்லை. சார் சொல்லிவிட்டார் என்பதுதான் காரணம். ஒன்பது வருடத்தில் என் பேச்சை ஒரு மாணவி முழுதாக நம்பியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மற்ற எல்லா வழியும் அடைபட்ட பின் அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம், தான் எழுதியது. அதில்தான் தப்பு என்று முடிவுக்கு வந்தாள். சரியாக இருந்த வரியை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். பிறகு அதையும் மாற்றினாள். பன்னிரண்டரைக்குப் பதிவேட்டையே முழுக்க அழித்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். அவசரத்தில், பெயர்களின் முடிவில் வைக்க வேண்டிய புள்ளிகள் விட்டுப்போயின. பழைய பக்கம் மட்டும் அசையாமல் நின்றது. ஒரு மணிக்கு உங்கள் ஆட்கள் திறந்து பார்த்தபோது அந்தக் குப்பைதான் இருந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தது என்று பார்த்த ஒரே ஆள் நான்.

பிரசாத் பத்தே முக்காலுக்கு அதே இடத்தில் மாட்டினான். அவன் யாரையும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் கணினியிலேயே ஒரு கோப்பைத் திறந்து, புதிய முகவரியைக் கையால் எழுதி வைத்துவிட்டான். அப்படி எழுதினால் கணினி வெளியே யாரையும் கேட்காது. அந்த ஒரு கணினியில் மட்டும் புதிய பக்கம் வரும், உலகத்தில் வேறெங்கும் வராது. உங்கள் சோதனை நிரல் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் பார்த்தது. தேர்ச்சி என்று பச்சை எழுத்தில் வந்தது. அது தவறான வழி என்று எனக்குத் தெரியும். தேர்வின்போது நான் குறுக்கிடக் கூடாது என்பது விதி. விதியை மதித்தேன்.

பிரசாத் இதைத்தான் செய்வான் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக அவன் எல்லாப் பயிற்சியையும் இப்படித்தான் முடித்தான். அதனால்தான் இருவருக்கும் ஒரே மாதிரி வைத்தேன். முறையாகச் செய்பவர் மட்டும் மாட்டுகிற மாதிரி ஒரு குழி வெட்ட வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. என் தொழில் திறமையை நானே மெச்சிக்கொண்ட நாள் அது. ஓர் ஆள்கூட உடனிருந்து பார்க்கவில்லையே என்று ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது.

எல்லோரும் போன பிறகு எமனைப் பழையபடி ஆக்கினேன். அவன் எல்லாவற்றையும் மறந்தான். ஆனால் எந்தச் சேவை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று லாகில், அதாவது கணினி தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பில், பதிவாகியிருந்தது. அதன் நகல் உங்களுக்குத் தானாக வந்து சேர்ந்துவிட்டது. எதை அழித்தாலும் லாக் நிற்கும் என்பது என் இரண்டாம் வாரப் பாடம். அந்தப் பாடத்தை மட்டும் நான் எப்போதும் சரியாகத்தான் நடத்துவேன்.

அடுத்த திங்கட்கிழமை தனம் வந்தார். அன்று கலெக்டர் ஆபீசில் மனுநாள், கீழே ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலில் நுழைந்து மாடி ஏறி, வறுத்த மல்லாட்டை ஒரு பை நிறைய என் மேசையில் வைத்தார். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"சோறே எறங்கமாட்டுது சார் அவளுக்கு. எழுதினத எழுதி எழுதிப் பாத்துக்கினே இருக்கறா. எங்க தப்பு பண்ணான்னு நீங்களாச்சும் சொல்லுங்க. தெரிஞ்சா மனசு ஆறிடும்."

"பதட்டங்க" என்றேன். "கெட்டிக்காரப் பொண்ணுதான். கொஞ்ச நாள் இங்கயே என்கூட இருந்து பழகட்டும். அவங்கப்பா கிட்ட நான் பேசறேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மல்லாட்டை நல்ல பதத்தில் வறுபட்டிருந்தது, இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது.

உங்கள் மின்னஞ்சல் ஜூலை மூன்றாம் தேதி வந்தது. எட்டு நாற்பதுக்கு எமனில் ஏதோ தொடங்கியிருக்கிறதே, ஆய்வகக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு என்று மையம் பத்தாம் தேதிக்குள் உறுதி செய்தால் அந்தப் பெண்ணுக்கு மறுதேர்வு தருவோம், இடத்தை அதுவரை நிரப்ப மாட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். பெரிய மனது. ஒன்பதாம் தேதி நான் பதில் அனுப்பினேன். ஒரே வரி. ஆய்வகத்தில் கோளாறு எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அது பொய் இல்லை. கோளாறு என்பது தானாக நடப்பது. இது தானாக நடக்கவில்லை.

பதினோராம் தேதி பிரசாத்துக்கு வேலை உத்தரவு வந்தது. மையத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். எனக்கு இரண்டு.

இன்று பதினெட்டு. விரிவான விளக்கம் தர ஒன்பது நாள் தாமதமானதற்கு மன்னிக்கவும். சரியான சொற்கள் கிடைக்க வேண்டுமே என்று பார்த்தேன். நடந்தது இதுதான் மேடம், இதற்கு மேல் இதில் மறைவு இல்லை. மதிவதனி தவறு செய்யவில்லை. நான் செய்தேன், வேண்டுமென்றே செய்தேன், அவள் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன், நீங்கள் கதவைத் திறந்து வைத்தபோது அதையும் சாத்தினேன். எழுதி முடித்ததும் மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா. இதை உடனே அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இந்த வாரக் கடைசியில் பௌர்ணமி. லட்சக்கணக்கில் ஜனம் வரும், அந்த நாட்களில் எங்கள் ஊரில் நெட் இழுத்துக்கொண்டே கிடக்கும். பாதியில் நின்று போனால் வீண். கூட்டம் கலைந்ததும் அனுப்புகிறேன்.

மதிவதனியிடமும் நான் சொல்லத்தான் போகிறேன். இப்போது சொன்னால் தாங்க மாட்டாள். முதலில் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை திரும்ப வேண்டும். அதற்காகத்தான் உரிமையாளரிடம் சிபாரிசு செய்து, எனக்கு உதவியாளராகப் போட்டு, ஏசி அறையில் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். நிதானமாக இருக்கிறாள். யாரையும் திருத்துவதில்லை. மாணவர்கள் சந்தேகம் கேட்டால், சார் கிட்ட கேட்டுக்கோங்க என்று என்னிடம் அனுப்புகிறாள். அவளுடைய நன்மைக்காக நான் எடுத்துக்கொள்ளும் சிரமம் கொஞ்சமில்லை.

இன்று காலைகூட, புது பேட்சுக்காகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், இது சரியா இருக்குதான்னு பாக்கறீங்களா? எனக்குத் தெரியல."

எழுந்து போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. "எதுக்கும் இன்னொரு தடவ பாரும்மா" என்றேன்.